செம்புச் சட்டை

என் அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தியதற்குக் காரணம் சூரியன். சூரியனுக்குள் நடப்பதைப் போல ஒன்றைத் தன் தொட்டிக்குள் நடத்திக் காட்டிவிட்டதாக அவர் சொன்னார். இல்லவே இல்லை என்று நான் அறிக்கை எழுதினேன். மரியாதையான அறிக்கைதான். ஆனால் ஒருவர் பெற்ற பிள்ளையைப் பார்த்து, இது உங்கள் பிள்ளை இல்லை என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொன்னால்தான் என்ன?

எங்களுக்கு ஒரே வீடு, ஒரே ஆராய்ச்சி நிலையம். வீட்டில் கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நான். நிலையத்திலும் அப்படித்தான்: கீழே பெரிய கூடத்தில் அண்ணியின் தொட்டி, மாடியில் என் கணினிகள். அண்ணன் பல் வைத்தியர். எங்கள் தொழில் அவனுக்குச் சுத்தமாகப் புரியாது, அதனால்தான் நிம்மதியாகத் தூங்குகிறான். கணக்கில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை என்பதால் வீட்டில் எனக்குப் பெயர் கணக்குப்புலி. கூப்பிடும்போது வெறும் புலி.

அண்ணிக்கு நிலையத்தில் பெயர் சோடியம்மா. அவருடைய எஃகுத் தொட்டிக்குள் இருப்பது உருக்கிய சோடியம். பார்க்கப் பாதரசம் போலப் பளபளக்கும், தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் கூடத்துக்குள் தண்ணீர் பாட்டிலுக்கு அனுமதி இல்லை. நனைந்த குடைக்கு அனுமதி இல்லை. தீயணைக்க மணல் வாளிகள்தான். ஒருமுறை அமைச்சர் ஒருவர் கையில் பழச்சாறோடு உள்ளே வரப் பார்த்தார். அண்ணி அவரை வாசலிலேயே நிறுத்தி, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். தொட்டிக்குள் முனைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள், ஒன்று இந்தப் பக்கம் சுற்றும், மற்றது எதிர்ப்பக்கம். நடுவில் சோடியம் படும் பாடு சொல்லி மாளாது.

இத்தனை பாடும் எதற்கு? சூரியன் என்பது கொதித்துப் புரளும் ஒரு பிழம்பு. உள்ளே எங்கே பார்த்தாலும் சுழல், சுழலுக்குள் சுழல், ஒன்று சொன்னதை ஒன்று கேட்காது. அந்தக் களேபரத்தின் நடுவே ஒரு பெரிய காந்தப்புலம், சூரியன் முழுக்க விரிந்து, வடக்கு தெற்கு பிரித்துக்கொண்டு ஒழுங்காக நிற்கிறது. மற்ற விண்மீன்களிலும் இதே கதை. நியாயமாகப் பார்த்தால் சுழல்கள் அதை என்றைக்கோ நார் நாராகக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டியவைதான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. சந்தைக்கடை இரைச்சலிலிருந்து ஒரு பாட்டு தானாக எழும்பி, நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அது எப்படி நடக்கிறது என்பதுதான் எங்கள் இருவருக்கும் சோறு போடும் கேள்வி.

கோடைக்கு முன்பு அண்ணி விசிறிகளை இதுவரை ஓட்டாத வேகத்தில் ஓட்டினார். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகையின் மேல் சாதாரணத் திசைகாட்டி ஒன்று வைத்திருப்பார். சுற்றிலும் விலை உயர்ந்த உணர்கருவிகள் எத்தனை இருந்தாலும் அவருக்கு அந்த முள்ளின் மேல்தான் நம்பிக்கை. அன்றைக்கு முள் வடக்கை விட்டுவிட்டுக் கூடத்தின் கதவைப் பார்த்துத் திரும்பியது. திரும்பியது அப்படியே நின்றது. விசிறி ஓடும்வரை காந்தப்புலம் இருந்தது. அண்ணி உலகத்துக்கே அறிவித்துவிட்டார், வாழ்த்துகள் குவிந்தன, அண்ணன் தன் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க வந்தவர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் நிலையத்தின் டைரக்டர் என்னைச் சரிபார்க்கச் சொன்னார். தொட்டியில் நடப்பதை அப்படியே கணினிக்குள் ஒரு பெட்டியில் ஓட்டிப் பார்த்தேன். காந்தப்புலம் ஜோராக எழும்பியது. பிறகு மெல்ல மெல்ல வாடி, ஒன்றுமில்லாமல் போயிற்று. எத்தனை முறை ஓட்டினாலும் இதே சாவு. கூடவே இன்னொரு சங்கதி என் கண்ணை உறுத்தியது: விசிறியை நிறுத்திக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் முள் கதவுப் பக்கமே திரும்புகிறது. தானாகப் பிறக்கும் புலத்துக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? எனக்குப் பதில் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே ஏதோ ஒரு போல்ட் லேசாகக் காந்தமாகிக் கிடக்கிறது, விசிறி ஓடும்போது சோடியம் அதைத்தான் இழுத்துப் பெருக்கிக் காட்டுகிறது. எழுதிக் கொடுத்தேன்.

டைரக்டர் நல்லவர்தான், ஆனால் பயந்த சுபாவம். சோடியத்தை வடித்துவிட்டு, தொட்டியை அறுத்துத் திறந்து போல்ட்டைத் தேடுவது என்று முடிவெடுத்தார். அந்த மாதிரித் தொட்டியை ஒருமுறை அறுத்தால் அதோடு சரி. மறுபடி சேர்த்துப் பற்றவைத்து ஓட்ட யாரும் அனுமதி தரமாட்டார்கள். அண்ணியின் இத்தனை வருட உழைப்பு பழைய இரும்பாகிவிடும். அவரைப் பொய்க்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "பாவம், ஒரு போல்ட்ட கவனிக்காம விட்டுட்டாங்க" என்பார்கள். என்னைக் கேட்டால் அதற்குப் பொய்க்காரி பட்டமே தேவலை.

அண்ணி சண்டை போடவில்லை. என்னிடம் நேராகப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார்.

"உங்க தங்கச்சிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுங்க" என்பார், நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போதே.

"புலி, சோறு வேணுமா?" என்பான் அண்ணன்.

"போதும்னு சொல்லு."

"போதுமாம்."

"எனக்குக் காது கேக்குது" என்பார் அண்ணி, அவனைப் பார்த்து.

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கெஞ்சினான். "நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளதான் கைய விட்டுக்கிட்டு இருக்கேன். வீட்டுலயாவது உங்க வாய உங்ககிட்டயே வெச்சுக்குங்களேன்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வருத்தம் இருந்தது, கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. நான் எழுதியதில் எந்த வரி தப்பு என்று காட்டட்டுமே! கணக்குக்கு அண்ணி தெரியுமா, நாத்தனார் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வாசலில் கார் கழுவி முடித்திருந்தான். அவனுடைய ரப்பர் ஹோஸின் ஒரு முனை குழாயில் திருகியிருந்தது, மறுமுனை தண்ணீர் பீய்ச்சும் மெஷினில் திருகியிருந்தது. இரண்டையும் கழற்றச் சோம்பல்பட்டு, நடுவில் இருக்கும் ஹோஸை மட்டும் வளையம் வளையமாகச் சுற்றி வைக்கப் பார்த்தான். ஒரு வளையம் அடங்கியது. இரண்டாவது முரண்டு பிடித்தது. அடுத்ததைப் போட்டதும் ஹோஸ் உடம்பையே எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு, ஆங்காங்கே முடிச்சாகத் துருத்தி, போட்ட வளையத்தையெல்லாம் உதறித் தள்ளியது. அண்ணன் அதைக் காலால் மிதித்தான். அது அவன் முழங்காலில் அடித்தது.

"சனியனுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று மெஷின் முனையை வெடுக்கென்று கழற்றினான். விடுபட்ட முனை தரையில் விர்ரென்று சுழன்றது. உள்ளே சேர்ந்திருந்த முறுக்கெல்லாம் அந்த முனை வழியாக வெளியே போய்விட்டது. பிறகு அவன் சுற்றிய வளையங்கள் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு சமர்த்தாகப் படுத்தன.

மாடிப்படியில் காபி டம்ளரோடு நின்ற எனக்கு அந்த ஹோஸில் என் கணக்கு தெரிந்தது.

பெரிய காந்தப்புலமும் அப்படி ஒரு வளையம்தான். சுழல்கள் காந்தக் கோடுகளை ஒரு பக்கமாகச் சுருட்டிச் சுருட்டித்தான் அதைக் கட்டி எழுப்புகின்றன. ஆனால் பெரியதை ஒரு பக்கம் சுருட்டும்போதெல்லாம், அதே அளவு எதிர் முறுக்கு சின்னச் சின்னச் சுழல்களில் போய் ஏறிக்கொள்கிறது. அந்தச் சின்ன முறுக்குக்குப் போக்கிடம் இல்லையென்றால் அது சேர்ந்து சேர்ந்து சுழல்களின் கையைக் கட்டிவிடும். பிறகு பெரிய புலத்துக்கு ஆதரவு ஏது? வாடிச் சாகும். என் கணினியில் செத்ததே, அதே சாவு.

நான் என் பெட்டியின் சுவர்களை மூடி வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். மூடிய பெட்டி கணினிக்குச் சுலபம், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும், எதுவும் சிந்தாது சிதறாது. சிந்தாமல் சிதறாமல் இருப்பதை என் கணக்கின் சுத்தம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். சூரியனுக்கு ஏது சுவர்? அது தன் முறுக்கையெல்லாம் வெளியே வீசி எறிந்துகொண்டே இருக்கிறது. அண்ணியின் தொட்டிக்கும் மெல்லிய எஃகுத் தகடுதான், அதைத் தாண்டி முறுக்கு வெளியே கசியும். தொட்டிக்கு வெளியே உள்ள உணர்கருவிகளில் எப்போதும் ஒரு நடுக்கம் தெரியும். நாங்கள் எல்லோரும் அதற்கு வைத்த பெயர் குப்பை. குப்பையாவது ஒன்றாவது. தொட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டம்ளரைப் படியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினேன். சுவரைத் திறந்து விட்டுக் கணக்கை ஓட்டினேன். அடுத்த சில நாட்கள் கண்கொத்திப் பாம்பாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காந்தப்புலம் எழும்பியது. நின்றது. சுவரை மூடினேன், செத்தது. திறந்தேன், பிழைத்தது.

கீழே கூடத்தில் அண்ணி தோல் அங்கியோடு, சோடியத்தை வடிக்கும் குழாயைச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் தொட்டியைத் தானே காலி செய்ய வேண்டிய வேலை. மெக்கானிக் பக்கத்தில் ஸ்பானரோடு நின்றார். மடக்கென்று தண்ணீர் குடித்துவிட்டு, பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"இவங்களுக்கு என்ன வேணுமாம்?" என்று அண்ணி மெக்கானிக்கைக் கேட்டார்.

"அண்ணி, உங்க புலம் நிஜம். போல்ட் எதுவும் இல்ல. நான் பெட்டிய மூடி வெச்சுட்டேன், அதான் செத்துது." நான் ஹோஸிலிருந்து ஆரம்பித்து மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மெக்கானிக் ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அண்ணி குழாயை விட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"கம்ப்யூட்டர்ல வந்தத யாரு நம்புவாங்கன்னு கேளு" என்றார் மெக்கானிக்கிடம். "முன்னாடியும் கம்ப்யூட்டர்லதானே வந்துச்சு."

"நம்ப வேண்டாம். தொட்டியிலயே காட்டலாம். அந்தச் சட்டைய மாட்டுங்க."

சட்டை என்றது கூடத்தின் மூலையில் தண்டவாளத்தின் மேல் நின்ற செம்புக் கவசத்தை. கனமான இரண்டு பாதிகள், தள்ளினால் தொட்டியை இரண்டு பக்கமும் வந்து கவ்விக்கொள்ளும். வெளியே தெரிகிற குப்பையை அடக்கத்தான் டைரக்டர் அதைச் செய்ய வைத்தார். மாட்டினால் சோடியம் கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்று அண்ணி அதைத் தொடவே விடவில்லை.

"செம்பு நிலையான காந்தத்தைத் தடுக்காது" என்றேன். "உள்ள போல்ட் இருந்தா, சட்டை போட்டாலும் போடலன்னாலும் முள் கதவப் பாத்தே நிக்கும். ஆனா துடிச்சுக்கிட்டே இருக்குற சின்ன முறுக்க அது வெளிய விடாது. சுவர மூடின மாதிரி. திரவத்துல பொறந்த புலமா இருந்தா வாடிச் செத்துடும். செத்தா நீங்க ஜெயிச்சீங்க."

அண்ணி தொட்டியைப் பார்த்தார். விசிறிகள் நின்றிருந்தன, முள் சாதுவாக வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் பேச ஆரம்பித்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இத்தனை வருஷம் கழிச்சு ஒரு தடவை உயிரோட வந்துச்சு. அத நானே ஓட விட்டு, நானே மூச்ச அடைச்சுக் கொல்லணுமா? கொன்ன பிறகு அது திரும்பி வரலைன்னா என்ன பண்ணுவாங்கன்னு கேளு."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். பாவம், அவருக்கு இதைக் கேட்க வாய் வரவில்லை.

"சட்டையக் கழட்டினா வரும்" என்றேன். "இன்னொண்ணும் சொல்றேன். விசிறிய நிறுத்திக் கிளப்புறப்ப எல்லாம் அமைதியா இருக்கு, பூமியோட காந்தம் லேசா ஒரு தள்ளு தள்ளி விடுது. அதான் எப்பவும் கதவுப் பக்கம். ஓட்டத்துக்கு நடுவுல செத்துப் பொறந்தா, சுழலோட அமளியில அந்தத் தள்ளு எடுபடாது. எந்தப் பக்கம் வேணா திரும்பலாம். ஆனா வரும் அண்ணி. வரலைன்னா நான் கணக்குப் போடுறதையே விட்டுடறேன்."

அண்ணி வடிகுழாயின் திருகை இறுக்கி மூடினார். "தண்டவாளத்துக்கு எண்ணெய் போடு" என்றார் மெக்கானிக்கிடம்.

டைரக்டரைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. தான் செய்ய வைத்த சட்டைக்குக் கடைசியில் ஒரு வேலை வந்ததில் அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. "அப்ப முள் வடக்குக்குத் திரும்பிட்டா நல்லதா, கெட்டதா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நல்லது சார் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சோதனை அன்று மதியம் கூடத்தில் நிற்க இடமில்லை. மாடியிலிருந்து எல்லோரும் இறங்கி வந்து கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். விசிறிகள் வேகம் எடுத்தன, தரை அதிர்ந்தது, முள் வழக்கம்போலக் கதவைப் பார்த்தது. அண்ணி கையைத் தூக்கினார். மெக்கானிக் கைப்பிடியைச் சுற்ற, செம்புப் பாதிகள் இரண்டும் ஊர்ந்து வந்து தொட்டியைக் கவ்விக்கொண்டன.

முதலில் எதுவும் நடக்கவில்லை. முள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ என் பின்னால், "போல்ட்தான்" என்று முணுமுணுத்தார்கள். ஆனால் என் கணக்கிலும் சாவு மெதுவாகத்தான் வந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முள் லேசாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. கதவை விட்டு விலகி, கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே சாய்ந்து, நடுங்கி நின்றுவிட்டது. உணர்கருவித் திரையில் புலத்தைக் காட்டும் கோடு தரையைத் தொட்டது.

புலம் செத்தது. அண்ணி சிரித்தார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது நல்ல செய்தியா என்று புரியவில்லை, ஒருவர் அனுதாபமாக அண்ணியின் தோளைத் தொடக்கூடப் போனார். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாவு வீட்டில் சிரிக்கிற ஆட்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"கழட்டு" என்றார் அண்ணி. இப்போது சிரிப்பு இல்லை.

செம்பு விலகியது. முள் வடக்கிலேயே நின்றது. விசிறிகள் இரைந்தன. அண்ணி மணல் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குச் சந்தேகமே இல்லை. அதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன், ஆனால் நான் எப்போது இன்னொரு வாளியைப் பிடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. அப்போது முள் துள்ளியது. ஒரு பக்கம் போய், வந்து, தயங்கி, பிறகு ஒரே வீச்சில் திரும்பி நின்றது. கதவைப் பார்த்து அல்ல. கதவுக்கு நேர் எதிரே, பின்சுவரைப் பார்த்து.

டைரக்டர் பதறிப்போனார். "என்னம்மா, கதவுப் பக்கம்ல வரணும்? தலைகீழா நிக்குதே. ஏதாவது கோளாறா?"

"கோளாறு இல்ல சார்" என்றார் அண்ணி. "உள்ள போல்ட் இருந்திருந்தா முதல்ல செத்தே இருக்காது. அப்படியே செத்தாலும் பழைய பக்கமேதான் திரும்பியிருக்கும். போல்ட்டுக்கு மனசு மாத்திக்கத் தெரியாது."

அவர் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டார். கூட்டத்தைக் கண்ணால் துழாவி, மெக்கானிக்கைத் தாண்டி, டைரக்டரைத் தாண்டி, என்னிடம் வந்து நின்றார்.

"மனுஷங்களுக்குத் தெரியும். என்ன புலி?"

கூடத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்பது அண்ணியின் சட்டம். அதனால் வாசலுக்கு வெளியே போய்த்தான் அழுதேன்.